பழைய நெறிமுறைகளும் வழிகாட்டும் ஸர்வரும்

கணிப்பொறிகள் தம்முள் உரையாடுதற்குரிய இலக்கணத்தை நெறிமுறை என்பர். இந்நாளில் ஐ.பி. என்னும் ஒரே நெறிமுறை உலகெங்கும் வழங்குதலின், ஒருகாலத்தில் வேறு பலவும் அரசோச்சின என்பதை இளைய மாணவர் பலர் அறியார். 1980களிலும் 1990களிலும் கணிப்பொறி உலகம் பாபேல் கோபுரத்தைக் கட்டிய மக்களின் நிலையில் இருந்தது. நாவெல் கம்பெனியாரின் யந்திரங்கள் ஐ.பி.எக்ஸ். பேசின, ஆப்பிள் கம்பெனியார்க்கு ஆப்பிள்டாக், டிஜிட்டல் கம்பெனியார்க்கு டெக்நெட், சிறு அலுவலகங்களில் நெட்பியூயி. இவையனைத்தும் ஒரே கட்டடத்தில், சிற்சில இடங்களில் ஒரே கம்பியில், கூடி வாழ்ந்தன. இவற்றின் செய்திகளை ஒரு வலையினின்றும் மற்றொரு வலைக்குக் கடத்திவிடும் பொறுப்புப் பெரும்பாலும் அலுவலகத்து ஸர்வரின் தலையிலேயே விழுந்தது. அந்த ஸர்வரின் இயக்குதளம் இப்பணியை எங்ஙனம் ஆற்றிற்று என்பதையும், ஒரு வழி எதனால் உயிர்வாழ்கிறது, எதனால் மடிகிறது என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். நம் மேலூர்த் தாலுகாவில் 2001-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு முயற்சி இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைசெய்யும்.

முதற்கண் முகவரியைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். அஞ்சலுறையொன்றின்மேல் ஆளின் பெயரும் ஊரின் பெயரும் எழுதப்படுகின்றன. மதுரையில் தபால் பிரிப்பவர் ஆளின் பெயரைப் பாரார். 'மேலூர்' என்ற சொல்லைக் கண்டதும் அதனை மேலூர்ப் பைக்குள் இடுவார். ஆளின் பெயர் மேலூர்த் தபாற்காரருக்கே வேண்டுவது. ஊர்ப்பெயரின்றி 'கருப்பன்' என்று மட்டும் எழுதிய கடிதம் எழுதியவர் தெருவுக்குள் வேண்டுமானால் சென்று சேரும், தெருமுனையைத் தாண்டாது. நெறிமுறைகளும் இவ்வாறே இருவகைப்படும். ஐ.பி.எக்ஸ். முகவரியில் 32 பிட் அளவுள்ள வலையெண்ணும், அதன்பின் 48 பிட் அளவுள்ள கணிப்பொறியெண்ணும் உண்டு. ஆகவே அது வழிப்படுத்தத்தக்கது. நெட்பியூயியில் கணிப்பொறியின் பெயரன்றி வலையெண் என்பதே இல்லை. எத்துணை வல்லமை வாய்ந்த ரூட்டரும் அதனை வழிப்படுத்தல் இயலாது. ஊர் எழுதாத கடிதத்தை யார்தாம் பிரிக்க வல்லார்?

ஐ.பி.எக்ஸ். நெறிமுறைக்கு உரிய சிறப்பை மறைத்தல் நேர்மையன்று. கணிப்பொறியெண்ணாக வலையட்டையிற் பொறித்த எண்ணையே அது எடுத்துக்கொண்டது. வலையெண்ணை ஸர்வரில் ஒருமுறை எழுதினால் போதும். மற்றைய கணிப்பொறிகள் அதனைக் கேட்டறிந்து கொள்ளும். அக்காலத்து ஐ.பி. வலையில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எண்ணைக் கையால் எழுதிவந்த ஊழியர்க்கு இஃது எத்துணை ஆறுதலாயிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1990களில் நம் நாட்டு வங்கிக் கிளைகளிலும் வாணிக அலுவலகங்களிலும் நாவெல் நெட்வேர் பரவியமைக்கு இவ்வெளிமையும் ஒரு காரணமாம்.

நெட்வேர் ஸர்வரில் இரண்டு வலையட்டைகளைச் செருகினால், அது கோப்புக்களை வழங்கும் வேலையோடு ரூட்டராகவும் தொழில்புரியத் தொடங்கும். தனி ரூட்டர் யந்திரத்துக்குப் பெரும்பொருள் கொடுக்கவேண்டியிருந்த காலத்தில் இது பெருவாய்ப்பு. நெட்வேர் 3-ஆம் பதிப்பு முதல் ஸர்வர் தனக்குள்ளேயே 'உள் வலையெண்' ஒன்றையும் வைத்துக்கொண்டது. அதாவது அட்டை ஒன்றே இருப்பினும் ஸர்வர் தன்னை ஒரு தனியூராகவும், அவ்வூருக்குச் செல்லும் வாயிற்காவலனாகவும் கருதிக்கொண்டது.

இவ்விடத்து ஒரு விந்தையைக் கூறாமற் செல்ல மனம் வரவில்லை. ஈதர்நெட் கம்பியில் ஐ.பி.எக்ஸ். பொதியைச் சுற்றும் உறை பலவகைப்பட்டது. நெட்வேர் 3.11 பதிப்புவரை 802.3 என்ற உறை இயல்பாக வழங்கிற்று, 3.12 முதல் 802.2 என்ற உறை. பழைய உறையில் அனுப்பும் கணிப்பொறியும் புதிய உறையில் அனுப்பும் கணிப்பொறியும் ஒரே கம்பியில், ஒரே மேசைமேல், அருகருகே இருந்தாலும் ஒன்றை ஒன்று அறியா. ஸர்வரில் இரண்டு உறைகளையும் ஒரே அட்டைக்கு ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வலையெண் கொடுத்துவிட்டால், ஸர்வர் இரண்டையும் இணைத்துவிடும். கம்பி ஒன்று, வலை இரண்டு, இடையே ரூட்டர்! வலை வேறு, கம்பி வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, ரூட்டர் வழியை எங்ஙனம் அறிகிறது? மேலூர்ச் சந்திப்பில் நின்று சிங்கம்புணரிக்கு வழி கேட்கும் பிரயாணியை நினைத்துக்கொள்க. "கொட்டாம்பட்டி போ, அங்கே கேள்" என்பது விடை. மேலூரார்க்கு முழுவழியும் தெரியவேண்டுவதில்லை. கொட்டாம்பட்டியார் "சிங்கம்புணரி எங்களுக்கு அடுத்த ஊர்" என்று சொல்லியிருத்தலின், தமக்கு அது இரண்டாவது ஊர் என்று கணக்கிட்டுக்கொள்வர். இம்முறைக்கு ரிப் என்று பெயர். ஜெராக்ஸ் கம்பெனியாரின் ஆராய்ச்சிச்சாலையிற் பிறந்த எக்ஸ்.என்.எஸ். நெறிமுறைகளினின்றும் இது கிளைத்தது. பெர்க்லி யூனிக்ஸ் இயக்குதளத்தோடு உலகெங்கும் பரவி, 1988-இல் ஐ.பி.க்குரிய இலக்கணமாக எழுதப்பெற்றது. நாவெலார் அதே வித்திலிருந்து தமக்கென ஒரு ரிப் ஆக்கிக்கொண்டனர். அதில் எத்தனை ஊர் தாண்டவேண்டும் என்பதோடு, எத்துணைக் காலம் ஆகும் என்பதும் எண்ணப்பட்டது. அக்காலத்தின் அலகு ஒரு விநாடியில் ஏறக்குறையப் பதினெட்டில் ஒரு பங்கு, பழைய பி.சி.யின் உட்கடிகாரம் அவ்வளவில் துடித்தமையே காரணம்.

பிறர் வாய்ச்சொல்லை நம்புவதாகிய இம்முறையில் ஒரு பெருந்தீங்கு உளது. கொட்டாம்பட்டிக்கும் சிங்கம்புணரிக்கும் இடையே பாதை அறுந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். கொட்டாம்பட்டியார் திகைத்து நிற்கையில் மேலூரார், "எங்களுக்கு அவ்வூர் இரண்டாவது" என்று பழங்கணக்கை அறிவிக்கின்றனர். அவ்விரண்டும் தம்மூர் வழியாகவே என்பதை அறியாத கொட்டாம்பட்டியார், "அப்படியாயின் மேலூர் வழியே எங்களுக்கு மூன்றாவது" என்பர். அதைக் கேட்டு மேலூரார் நான்கு என்பர். பிறகு ஐந்து, ஆறு. பிரயாணியோ இவ்விரண்டு ஊருக்கும் இடையே நடந்து கால் ஓய்வான். இவ்வெண்ணிக்கை முடிவின்றி வளராதபடி 16 என்ற எண்ணை 'அடைய முடியாதது' என வரையறுத்தனர். ஒருவரிடம் கேட்ட வழியை அவரிடமே திருப்பிச் சொல்லலாகாது என்னும் விதியையும் சேர்த்தனர். ஆயினும் 15 தாவல்களுக்கு மேற்பட்ட வலையை ரிப் ஆளமுடியாது என்னும் குறை அதனோடேயே பிறந்து அதனோடேயே நிலைத்துவிட்டது.

நிற்க. அறிவிப்பு வேண்டும் என்றால் அதற்கு விலையும் உண்டு. பழைய நெறிமுறைகளின் வரலாற்றில் இவ்விலையே தலையாய செய்தி என்பது எம் கருத்து. ஐ.பி. ரிப் 30 விநாடிக்கொருமுறை தன் வழிப்பட்டியல் முழுவதையும் ஒலிபரப்புகிறது. ஆப்பிள்டாக் 10 விநாடிக்கொருமுறை. நாவெல் ரிப் 60 விநாடிக்கொருமுறை. நாவெலில் வழிகளையன்றி ஊழியங்களையும் பறையறைய வேண்டும். எந்த ஸர்வர் எங்கே உளது, எந்த அச்சுப்பொறி யாரிடம் உளது என்பதனை ஸாப் என்ற துணைநெறிமுறை நிமிஷத்துக்கொருமுறை கூவும். ஒரு ஸாப் பொதியில் 7 ஊழியங்களுக்கு மேல் அடங்கா. நிறைந்த பொதியொன்று 480 பைட்.

இவ்வெண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெரிய ஸ்தாபனத்தின் வலைகளில் எல்லாம் சேர்ந்து 350 ஊழியங்கள் உள என்று கொள்க. 50 பொதிகள், 24,000 பைட், அஃதாவது 1,92,000 பிட். இதனைக் கட்டடத்துக்குள் ஓடும் ஈதர்நெட் கம்பி கண்ணிமைப்பொழுதிற் கடத்திவிடும். ஆனால் தொலைவிலுள்ள கிளைக்கு விநாடிக்கு 9,600 பிட் மட்டுமே செல்லும் வாடகைத் தொலைபேசி இணைப்பு இருப்பின், இவ்வறிவிப்புக்கு மட்டும் 20 விநாடி ஆகும். நிமிஷத்தில் மூன்றிலொரு பங்கு கூவலுக்கே போயிற்று. அதுவும் ஒருவரும் ஒரு வேலையும் செய்யாத நள்ளிரவிலுங்கூட! மேலூர் உழவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணையினின்று வரும் நீர் கள்ளந்திரி வரை இருபோகத்துக்கு உதவ, அதன்கீழுள்ள மேலூர்ப் பகுதியின் 85,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் ஒருபோகத்தையே நம்பியிருக்கிறது. வாய்க்கால் தானே குடிக்கும் நீர் எவ்வளவு, வயலுக்கு எஞ்சுவது எவ்வளவு என்ற கணக்குக் கடைமடையிலிருப்பவர்க்கே நன்கு விளங்கும்.

இந்நோய்க்கு ஸர்வர் இயக்குதளங்கள் சில மருந்துகளைக் கண்டன. மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 1997-இல் விண்டோஸ் என்.டி. 4.0 ஸர்வருக்கென வெளியிட்டு, பின்னர் விண்டோஸ் 2000 ஸர்வரிலும் உடன்வைத்த வழிப்படுத்தற் பகுதியில் ஐ.பி.யோடு ஐ.பி.எக்ஸ்.க்கும் இடமிருந்தது. அதில் வடிகட்டி ஒன்று உண்டு. கிளை அலுவலகத்துக்கு வேண்டாத அச்சுப்பொறிகளின் பெயரை இணைப்பில் ஏறவொட்டாமல் அஃது தடுத்துவிடும். நெட்பயாஸ் ஒலிபரப்புக்களை மறுபக்கம் விடுவதா, தடுப்பதா என்பதும் நிர்வாகியின் விருப்பம். இவற்றினும் நுட்பமானது 'தன்னியக்க நிலைவழி' என்று நாம் பெயரிடத்தக்க ஏற்பாடு. தேவைப்படும்போது மட்டும் தொலைபேசியில் அழைத்து இணையும் வழியில் நிமிஷந்தோறும் கூவினால், அழைப்பு ஓயவே ஓயாது; தொலைபேசிக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஸர்வர் ஒருமுறை அழைத்து, மறுமுனையின் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதனைக் கையால் எழுதிய நிலையான வழிபோலக் குறித்துவைத்துக்கொண்டு அழைப்பை முடித்துவிடும். பிறகு குறித்த காலத்தில் மீண்டும் கேட்கும். கூவலைக் கேள்வியாக மாற்றிய இவ்வுபாயம் மிகவும் போற்றத்தக்கது. ஆயினும் இரண்டு கேள்விகளுக்கிடையே மறுபக்கத்து வலையொன்று வீழ்ந்துவிட்டால் ஸர்வர் அதனை அறியாது, பழைய பட்டியலையே நம்பிப் பொதிகளை அனுப்பிக்கொண்டிருக்கும்.

வழியறிதலை முற்றும் அனுப்புவோனிடமே விட்டுவிடும் நெறிமுறையும் ஒன்று இருந்தது. நம் நாட்டின் கல்வி வலையாகிய எர்நெட் 1986-இல் தொடங்கியபோது, யூனிக்ஸ் யந்திரங்களிடையே யூ.யூ.சி.பி. என்ற முறையில் கடிதங்கள் சென்றன. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.களும், பெங்களூர் விஞ்ஞானக் கழகமும், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் நுட்ப நிலையமும் அதன் முதல் அங்கங்கள். யூ.யூ.சி.பி. கடிதத்தை எழுதுவோர், அது எந்தெந்த யந்திரத்தைக் கடந்து செல்லவேண்டும் என்பதைத் தாமே வரிசையாக, இடையிடையே ஆச்சரியக்குறியிட்டு எழுதவேண்டும். ரூட்டர் இல்லை, பறையறைதல் இல்லை, விலையும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு யந்திரம் பெயர் மாறினாலும் கடிதம் திரும்பிவிடும். இரவில் யந்திரங்கள் ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்துக் கடிதங்களைக் கைமாற்றிக்கொண்டன. 1989-இல் பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்கு 9,600 பிட் நிலையிணைப்பு ஏற்பட்டது. இத்துணைக் குறுகிய வாய்க்காலை வைத்துக்கொண்டு ஒரு தேசத்துக் கலாசாலைகள் உலகோடு பேசத் தொடங்கின என்பதை நினைக்குந்தோறும் வியப்பே மிகுகின்றது.

இனி மேலூருக்கு வருவோம். 2001-ஆம் ஆண்டு நவம்பரில் இத்தாலுகாவில் 'சாரி' எனச் சுருக்கமாக வழங்கிய கிராம இணையத் திட்டம் தொடங்கிற்று. சென்னை ஐ.ஐ.டி.யின் டெநெட் குழுவினர், என்-லோக் என்ற கம்பெனியார், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகிய கலாசாலைகளின் ஆய்வாளர் முதலியோர் அதில் கூட்டு. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லாக் கருவியால், கோபுரத்தினின்று ஏறக்குறைய 10 கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள கிராமங்களுக்குத் தொலைபேசியும் இணையமும் ஒருங்கே சென்றன. ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில் இணையக் கடைகள் எழுந்தன. கடைக்கு வந்த வேகம் விநாடிக்கு 35,000 பிட். பேச்சு இல்லாத வேளையில் 70,000 பிட். இதனுள்ளேதான் கண்நோயாளியின் கண்படம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சென்றது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றிற்கான விண்ணப்பங்கள் தாலுகா அலுவலகத்துக்கு மின்னஞ்சலிற் சென்றன.

இத்தகைய தனியிணைப்பில் பி.பி.பி. என்னும் உறை வழங்கும். அதனுள் ஐ.பி., ஐ.பி.எக்ஸ்., ஆப்பிள்டாக் ஆகிய எதனையும் ஏற்றலாம். ஒவ்வொன்றையும் இருமுனையும் தனித்தனியே பேசி ஒப்புக்கொள்ளவேண்டும். மேலூர்க் கடைகளுக்கு வேண்டியிருந்தது ஐ.பி. ஒன்றே. கடையின் கணிப்பொறி ஒருவருக்கும் வழி அறிவிப்பதில்லை. 'தெரியாத ஊருக்கெல்லாம் கோபுரத்து வழி' என்ற ஒரே விதி அதற்குப் போதும். மேலே கணக்கிட்ட 350 ஊழியங்களின் கூவல் இவ்விணைப்பில் ஏறியிருப்பின் நிமிஷத்துக்கு ஐந்தரை விநாடியை விழுங்கியிருக்கும். கண்படம் அனுப்புவோர் அவ்வளவும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். பல மொழி பேசும் ஆற்றலைக் கைவிட்டு ஒரு மொழியைக் கொண்டமையால், மெல்லிய இணைப்பு முழுவதும் மக்கள் பணிக்கே எஞ்சிற்று.

ஆயினும் அத்திட்டத்துக்குத் தளர்ச்சி வேறோரிடத்திலிருந்து வந்தது. தாலுகா அலுவலகத்துக்குச் சென்ற விண்ணப்பங்கள் முதலில் விரைவிற் பயன் தந்தன. அம்முயற்சியில் ஊக்கங் கொண்டிருந்த அதிகாரிகள் மாறிச் சென்றபின், மறுமொழிகள் அருகின; அரசாங்கச் சேவையை நாடிக் கடைக்கு வருவோரும் குறைந்தனர். வேறு காரணங்களும் சேர, சில ஆண்டுகளுக்குள் கடைகளுள் மிகப்பல மூடப்பட்டன. கோபுரம் நின்றது, அலை சென்றது, மின்னஞ்சலும் பெட்டியை அடைந்தது. பெட்டிக்கும் கையொப்பத்துக்கும் இடைப்பட்ட கடைசித் தாவலில் அறிவிப்பு நின்றுபோயிற்று. பொறியியல் பயிலும் நண்பர்கள் வரைபடம் வரையும்போது இத்தாவலை வரைவதில்லை.

பழைய நெறிமுறைகளும் ஒவ்வொன்றாய் இயக்குதளங்களை விட்டு நீங்கின. நெட்வேரே 1998-இல் வெளிவந்த தன் 5-ஆம் பதிப்பில் ஐ.பி.யைத் தாய்மொழியாக ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் ஸர்வர் 2008 வந்தபோது ஐ.பி.எக்ஸ்., ஆப்பிள்டாக் இரண்டும் அதில் இல்லை. ரிப்பினும் சிறந்ததாகிய ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையும் நீக்கப்பட்டு, எளிய ரிப்பின் இரண்டாம் பதிப்பு மட்டும் எஞ்சியது ஒரு வேடிக்கையே. ஆப்பிள் கம்பெனியார் 2009-இல் தம் சொந்தப் பிள்ளையாகிய ஆப்பிள்டாக்கைத் தம் இயக்குதளத்தினின்று விலக்கினர். லினக்ஸ் 2018-இல் ஐ.பி.எக்ஸையும், 2022-இல் டெக்நெட்டையும் விட்டது. இவற்றைப் பேணிவந்தோர் அருகிவிட்டமையே முதற்காரணம். எவரும் படித்துப் பாராத நிரலில் பாதுகாப்புக் குறை ஒளிந்திருக்கும் என்ற அச்சம் மற்றொன்று.

நம் மாணவர் சிலர் பணிபுரியப் போகும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பழைய யந்திரமொன்று இம்மொழிகளுள் ஒன்றை இன்னும் பேசிக்கொண்டிருத்தல் கூடும். அதனை மாற்ற இயலாதாயின், அதன்பொருட்டு வலை முழுவதிலும் பழைய வழிப்படுத்தலைத் திறந்துவிடுதல் தகாது என்பது எம் துணிபு. பழைய யந்திரத்தையும் அதனோடு பேசவேண்டிய ஒன்றிரண்டு கணிப்பொறிகளையும் தனிவலையில் வேலியிட்டு வைத்து, வெளியுலகுக்கு ஒரு ஸர்வரை மட்டும் வாயிலாக நிறுத்துக. இரண்டு இடங்களில் அத்தகைய யந்திரங்கள் இருப்பின், ஐ.பி.எக்ஸ். பொதியை ஐ.பி. பொதிக்குள் பொதிந்து அனுப்பும் முறை 1991-லேயே வகுக்கப்பட்டுள்ளது; அதனைக் கையாளுக.

வழி மடியும் விதத்தை நேரிற் காண விரும்புவோர்க்கு ஓர் எளிய சோதனை உண்டு. கணிப்பொறிக் கூடத்தில் ஒரே யந்திரத்துக்குள் மூன்று மெய்நிகர் லினக்ஸ் கணிப்பொறிகளை அமைத்து, முதலதை நடுவணதோடும் நடுவணதைக் கடைசியதோடும் வெவ்வேறு வலையால் இணைத்து, மூன்றிலும் ரிப்பை ஓடவிடுக. இயல்புவழி எதுவும் எழுதவேண்டா. கடைசிக் கணிப்பொறியிலிருந்து முதலதைப் பிங் செய்து மறுமொழி வருதலைக் கண்டபின், கடைசியதில் ரிப் அறிவிப்புக்கள் நுழையும் யூ.டி.பி. 520-ஆம் வாயிலை மட்டும் அடைத்துவிடுக. கம்பி அறுபடவில்லை, நடுவணது முன்போலவே 30 விநாடிக்கொருமுறை கூவிக்கொண்டிருக்கிறது. மறுமொழிகளும் சிறிதுநேரம் வந்துகொண்டேயிருக்கும். கடைசி அறிவிப்புக் கிட்டிய கணத்திலிருந்து 180 விநாடி முடிந்ததும், அவ்வழியின் தூரம் 16 ஆகிவிடும். பிங் 'வலையை அடைய இயலவில்லை' என்று சொல்லும். இன்னும் 120 விநாடி கழிந்தால் ரிப்பின் பட்டியலினின்றும் அப்பெயர் அழியும். பின்னர் வாயிலைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்திருங்கள். அரை நிமிஷத்துக்குள் அவ்வழி பட்டியலில் மீண்டும் ஏறும்.